பாதி சைட்டில் ஒரு வீடு

பூவாத்தாளக்கா ஹனூர் பக்கத்துக்காரர். கல்யாணமான மறுவாரமே மைசூருக்கு வந்துவிட்டார். கணவர் பழனி கொத்தனார். அக்கா அவருக்குச் சித்தாள். எந்த வீட்டைக் கட்டுகிறார்களோ அதன் முன்னால் தகரக் கொட்டகை போட்டுத் தங்குவார்கள். வேலை முடிந்ததும் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு அடுத்த இடம். மகள் தாரணி நான்காம் வகுப்புக்குள் மூன்று பள்ளிக்கூடம் மாறிவிட்டாள். அப்போதுதான் அக்கா முதல்முறையாகச் சொந்த வீடு வேண்டும் என்று வாயைத் திறந்தார்.

அது தொண்ணூற்று மூன்று. மைசூரில் மனையைச் சைட்டு என்போம். இருபதுக்கு முப்பது அடிதான் இருப்பதிலேயே சின்னது. அதுவும் அவர்களுக்கு எட்டவில்லை. மார்க்கெட்டில் பூ விற்ற கெம்பம்மாவுக்கும் எட்டவில்லை. இருவருமாக ஒன்றை வாங்கி நடுவில் பிரித்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னது அக்கா.

பாதி சைட்டைப் பார்த்த பழனிக்குச் சிரிப்பு வந்தது. “ஏம் புள்ள, இதுல மாடு கட்டலாம். ஊடு கட்ட முடியாது.”

“செத்த நேரம் சும்மா நில்லுங்க.”

சுண்ணாம்புப் பொடியால் தரையிலேயே முழு வீட்டையும் கோடு போட்டார் அக்கா. கட்டில் வரும் இடத்தில் தாரணியைப் படுக்க வைத்தார். இல்லாத கதவைத் திறந்து பார்த்தார். உள்பக்கம் திறந்தால் அடுப்பில் இடித்தது. கோட்டை அழித்து, வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றினார். பழனி குளியலறைக் கோட்டை மட்டும் காலால் ஒரு சாண் நகர்த்திவிட்டார். அக்காவுக்கு அது போதும்.

கட்டி முடித்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இரண்டிலும் ஒரு பெரிய ஜன்னல். பார்த்துப் போனவர்கள் மற்றவர்களிடம் சொல்ல, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். “எங்களுக்கும் இதே மாதிரி” என்று கேட்டு வந்தவர்களில் பசவராஜும் ஒருவர். அவருக்குச் சொந்தமாக நிலம் இருந்தது. வாடகைக்குப் பத்து அறை வரிசையாக வேண்டும் என்றார்.

“ஜன்னல் மாத்ர பேடாம்மா, வேண்டாம். கூலிக்காரருக்கு எதுக்கு ஜன்னல்?”

“நாங்களும் கூலிக்காரங்கதானுங்க,” என்றார் அக்கா. “ஜன்னல் இல்லாம நாங்க கட்டறதில்லீங்க.”

பசவராஜ் வேறு ஆளை வைத்துக் கட்டிக்கொண்டார். பெரிய வேலை கைவிட்டுப் போனதில் பழனி நான்கு நாள் அக்காவுடன் பேசவில்லை. ஜன்னல் இல்லாத அந்தப் பத்து அறையும் ஒரே வாரத்தில் நிரம்பின. நகரத்தில் சின்ன வீட்டுக்கு அவ்வளவு தேவை இருந்தது. நாலாவது அறையில் குடியேறியவன் நான்தான்.

சித்திரை மாதம். அந்தப் பக்கமாக வந்த அக்கா என் கதவருகே நின்று எட்டிப் பார்த்தார்.

“காத்து வருதா தம்பி?”

“கதவைத் தொறந்து வெச்சா வரும்.”

அக்கா நேராகப் பசவராஜிடம் போனார். “செங்கல்லு, ஜன்னல் சட்டம் நீங்க குடுங்க. கூலி வேண்டாம்” என்றார். அவர் சரியென்றார். கோபம் தீர்ந்திருந்த பழனிதான் முதல் சுவரை உடைத்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து ஜன்னல். கடைசி ஞாயிறு பசவராஜ் வீட்டிலிருந்து அவர்களுக்குச் சாப்பாடு வந்தது.

தொண்ணூற்றெட்டில் நானும் என்னுடன் வேலை செய்த சந்துருவும் சேர்ந்து ஒரு சைட்டு வாங்கினோம். வீடு கட்ட வேறு யாரையும் நாங்கள் தேடவில்லை. பால் காய்ச்சிய அன்று எல்லாரும் வீட்டைப் புகழ்ந்துகொண்டிருக்க, அக்கா மட்டும் சமையல் மூலையில் உட்கார்ந்து எழுந்தார். பிறகு என் மனைவி மீனாவைக் கூப்பிட்டார்.

“நீ என்னைவிட ஒசரம். ஒருக்கா உக்காந்து எந்திரி கண்ணு.”

மீனா எழுந்தபோது கொண்டை மரப்பரணில் உரசியது. புதுச்சேலை கட்டியிருந்த அக்காவின் முகம் வாடிவிட்டது. பரவாயில்லை என்று நாங்கள் எவ்வளவோ சொன்னோம். மறுநாள் காலை ஏழு மணிக்கே அக்காவும் பழனியும் சுத்தியலோடு வந்து நின்றார்கள். பரணை நான்கு விரல் உயர்த்திவிட்டு, மீனா போட்ட காபியைக் குடித்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார்கள்.