அளவெட்டியில் ஒரு சாட்சி

போரில் தோற்ற பக்கத்தில் நின்று காயப்பட்டவர்களுக்கு ஓய்வூதியமும் இல்லை, தனி ஆஸ்பத்திரியும் இல்லை. மாற்றுத்திறனாளிகள் எல்லோருக்கும் பிரதேச செயலகத்தில் கொடுக்கிற மாதாந்த உதவிக்குத்தான் நாங்களும் வரிசையில் நிற்க வேண்டும். இயக்கத்தில் இருந்தபோது என் இடது கை தோளோடு செயலிழந்துபோனது. புனர்வாழ்வு முகாமிலிருந்து வெளியே வந்து என் சொந்த அலுவலுக்காக அலைந்ததில், எந்த அறையில் யாரிடம் எப்படிப் பேசினால் காரியம் நடக்கும் என்று பிடிபட்டது. பிறகு என்னைப் போன்ற மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினேன்.

அப்படி வந்தவன்தான் கொழும்புத்துறைத் தம்பி. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடி அயலவர்களின் கிழிந்த மீன்வலைகளைப் பொத்திக் கொடுத்து, தாயோடு வாழ்ந்தான். கால்களில் இல்லாத உணர்வெல்லாம் சேர்ந்து அவன் முதுகில் எரிந்தது. வலி கூடிய நாள்களில் கதவு நிலையில் நெற்றியை அழுத்திக்கொண்டு இருப்பான்.

உதவிப்பணம் கிடைத்தது. ஷெல் விழுந்து காயப்பட்ட சனத்தில் ஒருவனாக அவனைப் பதிந்துகொண்டார்கள். இயக்கத்தைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. ஆனால் வலிக்கு அது மருந்தில்லையே. ஆஸ்பத்திரியில் முதுகைப் படம் எடுத்துப் பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர் நல்ல மனிதர். முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் இரும்புத் துண்டு கிடக்கிறது, எடுத்தால் வலி குறையலாம் என்றார். காயப்பட்ட நேரம் முதுகைத் திறந்தவர்கள் உள்ளே என்ன செய்தார்கள் என்று தெரியாமல் கத்தி வைக்க அவருக்குத் தயக்கம்.

“முதல் ஒப்பரேசன் செய்தவர் ஆரேன் இருக்கினமே? எழுத்திலை ஒண்டும் வேண்டாம். வாயாலை சொன்னால் காணும்” என்றார்.

இருந்தார். இயக்கத்தின் மருத்துவப் பிரிவில் இருந்தவர். தறப்பாள் கூடாரத்துக்குள், டோர்ச் வெளிச்சத்தில் தம்பியின் முதுகைத் திறந்தவர் அவர்தான். கடைசி நாள்களில் எல்லோரும் ஓடியபோது, அவனைத் தோளில் போட்டுக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்தவரும் அவர்தான். இப்போது அளவெட்டியில் மருந்துக்கடை வைத்திருப்பதாக அறிந்தேன். சொன்னதும் தம்பியின் முகம் அப்படி மலர்ந்தது.

“டொக்டர் அண்ணை உயிரோடை இருக்கிறாரே!”

முகம் வழித்து, புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். தாய் நல்ல இறாலாகத் தெரிந்தெடுத்து, ஐஸ் போட்டுக் கட்டிக் கொடுத்திருந்தா. ஓட்டோவில் போகும்போது வழி முழுக்க அவரைப் பற்றியே கதைத்தான்.

கடையோடு சேர்ந்த வீடு. கேற்றைத் திறந்தவர் முதலில் என்னைப் பார்த்தார். பிறகு ஓட்டோவுக்குள் இருந்தவனைப் பார்த்தார். அவருடைய கை கேற்றுக் கொளுக்கியை இறுகப் பிடித்ததை நான் கண்டேன்.

“டொக்டர் அண்ணை, நான்தான்” என்றான் தம்பி.

“ஆரைத் தேடுறியள்?”

“உங்களைத்தான். என்ரை முதுகு...”

“நீங்கள் ஆள்மாறி வந்திட்டியள். உங்களை எனக்குத் தெரியாது.”

உள்ளேயிருந்து அவர் மனைவி, “ஆரப்பா வந்திருக்கினம்?” என்று கேட்டா. “விலாசம் மாறி வந்திட்டினம்” என்று சொல்லியபடியே கேற்றைச் சாத்தினார். சாத்தும்போதும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்கியதும் தம்பி இறால் பையை ஓட்டோக்காரரிடம் நீட்டினான். பிறகு என்னிடம், “அண்டைக்கு அந்தத் தண்ணிக்குள்ளையே என்னை விட்டிட்டுப் போயிருக்கலாம்” என்றான்.

அடுத்த கிழமை சிவில் உடையில் புலனாய்வுக்காரர் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். மரியாதையாகத்தான் கதைத்தார்கள்.

“அளவெட்டிக்கு ஏன் போனனீங்கள்? பழைய ஆக்களைத் திரும்பச் சேர்க்கிறியளோ?”

போன விடயம் எங்கள் இருவருக்கும் தம்பியின் தாய்க்கும்தான் தெரியும். ஓட்டோக்காரர் என் தங்கையின் கணவர், அவர் வாய் திறக்கமாட்டார். மிச்சம் டொக்டர் ஒருவர்தான். கேற்றைச் சாத்தியதோடு அவர் நிறுத்தியிருந்தால் நான் பொறுத்திருப்பேன். வேறு யாரும் சொல்வதற்கு முன் தானே அவர்களிடம் சொல்லித் தன்னைக் காத்துக்கொண்டிருக்கிறார்.

தம்பியின் வீட்டுக்கும் போயிருந்தார்கள். நான் போனபோது அவன் மடியில் வலை கிடந்தது, கை ஓடவில்லை. எனக்கே நம்பிக்கையில்லாத ஒரு ஆறுதலைச் சொன்னேன்.

“அவர் பயந்திருப்பார், தம்பி. பிள்ளை குட்டிக்காரன்.”

“நானும் பயந்தனான், அண்ணை” என்றான். “ஆமி பிடிச்சு வைச்சிருக்கேக்கை, உனக்கு மருந்து கட்டினது ஆரெண்டு கேட்டுக் கேட்டு அடிச்சவங்கள். நடக்கேலாதவன் எண்டும் பார்க்கேல்லை. நான் அவரின்ரை பேரைச் சொல்லேல்லை.”

அதன் பிறகு நிபுணரிடம் நான் தனியாகப் போய், ஒருவரும் கிடைக்கவில்லை என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டி, வலிக்குளிசையை மட்டும் கூட்டி எழுதினார். அது பக்கத்து மருந்துக்கடைகளில் கிடைக்கிறதில்லை என்பதால் ஒவ்வொரு மாதமும் நானே கிளினிக்கில் எடுத்துக் கொடுக்கிறேன். அளவெட்டியில் அவருடைய கடையில் கிடைக்குமாம். தாய் ஒருநாள் சொன்னா. தம்பி கேட்காத மாதிரி வலையை மடியில் இழுத்துப் போட்டான்.