வேதகிரிக்கு எந்தக் கொடி

சங்கம் என்று யாராவது வாயெடுத்தாலே செங்கேணிக்குக் கோபம் வரும். அவள் புருசன் வேதகிரி செத்தது பண்ணை ஆட்களின் அரிவாளால் மட்டும் அல்ல, இரண்டு தலைவர்களின் வறட்டு வீம்பாலும்தான்.

உத்திரமேரூர்ப் பக்கம் அறுபத்தாறில் கடும் பஞ்சம். ஆளுங்கட்சிக்காரரான பண்ணையார் அறுப்புக் கூலி நெல்லைப் பாதியாக வெட்டினார். சிறு விவசாயிகளுக்கு ஏரி மடையையும் அடைத்தார். எதிர்க்க இரண்டு பக்கமும் தயார்தான். சேரியில் சங்கம் நடத்திய அருள்தாஸ் திங்களன்று வேலைநிறுத்தம் என்றார். ஊருக்குள் விவசாயிகளைத் திரட்டிய பஞ்சாட்சரம் வியாழன் என்றார். யார் சொன்ன நாள் என்பதில்தான் தங்கள் மானமே இருப்பதாக இருவருக்கும் நினைப்பு. திங்களன்று வரப்பில் பாதிக் கூட்டம்கூட இல்லை. அறுக்க வந்த வெளியூர் ஆட்களை மறித்த வேதகிரியைப் பண்ணை ஆட்கள் கழுத்தில் வெட்டி, சேற்றில் போட்டு மிதித்தார்கள்.

பிணம் குடிசை வாசலில் கிடந்தது. இருவரும் ஆளுக்கொரு கொடியோடு வந்தார்கள்.

"எங்க சங்கத்து ஆளு" என்றார் அருள்தாஸ்.

"எங்க கூட்டத்துக்கும் வந்துக்கினு இருந்தான்" என்றார் பஞ்சாட்சரம்.

ஒருவர் போர்த்தியதை மற்றவர் இழுக்க, மூடியிருந்த வேட்டி நழுவி வெட்டுக்காயம் வெளியே தெரிந்தது. ஈ மொய்த்தது. செங்கேணி கொடிக்கம்பைப் பிடுங்கி இருவரையும் விளாசினாள்.

"எம் புருசன வெட்டிக்கினு இருந்தப்போ நீங்க வரல. இப்போ துணி எடுத்துக்கினு வந்துட்டீங்க. யாரு தலைவருன்னு ஒரே ஒரு பேரு சொல்லுங்க. அப்பாலதான் பொணத்த எடுப்பேன்."

அதற்குள் பண்ணை ஆட்கள் தடிகளோடு வந்துவிட்டார்கள். சேரியில் கால் வைத்த ஊர்க்காரன் என்று பஞ்சாட்சரத்தைத்தான் முதலில் அடித்தார்கள். மண்டை பிளந்து விழுந்தவர் மேல் அருள்தாஸ் குப்புற விழுந்து மறைத்தார். அவர் விரல்கள் நொறுங்கின. சேரிப் பெண்கள் உலக்கையும் கதிரரிவாளுமாக இறங்கிய பிறகுதான் அந்தக் கும்பல் ஓடியது. ஒருவன் காதை அங்கேயே விட்டுவிட்டுப் போனான்.

செங்கேணி இரண்டு கொடிகளையும் கிழித்துக் காயங்களுக்குக் கட்டுப் போட்டாள். கண்ணில் வழிந்த ரத்தத்தைத் துடைத்தபடி பஞ்சாட்சரம் சொன்னார்.

"அருள்தாசு சொல்ற நாள்தான். அவருதான் தலைவரு. ஊருக்குள்ள நான் சொல்லிக்கிறேன்."

சேரிக்காரர் சொல்லுக்கு ஊர்க்காரர் கட்டுப்படுவது அங்கே அதுவரை நடக்காத காரியம். அருள்தாஸுக்கு அழுகை வந்துவிட்டது.

வேதகிரியை எந்தக் கொடியும் போர்த்தாமல்தான் புதைத்தார்கள். போர்த்தக் கொடி மிச்சமில்லை. மறுநாள் பண்ணை வயலில் ஒரு ஆள்கூட இறங்கவில்லை. ஊரும் சேரியும் ஒன்றாக வரப்பில் நின்றதைச் செங்கேணி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இத ஞாயித்துக்கெழமையே சொல்லியிருந்தா அந்த ஆளு உசுரோட இருந்திருக்கும்" என்றாள்.