கோட்டுக்குள் தைத்த கடற்பன்றிப் பல்

மேரி ரோஸ் கடலுக்குப் பயந்தவள் என்பது மன்னார் தோட்டவெளியில் எல்லோருக்கும் தெரியும். கடற்றொழில் செய்கிறவரைக் கட்டி, மீன் விற்றுப் பிள்ளை வளர்த்தும், முழங்காலுக்கு மேல் அவள் தண்ணீரில் இறங்கியதில்லை. காற்று மாறினால் போதும், அடுப்பில் உலை கொதிக்கக் கொதிக்க விட்டுவிட்டுக் கரைக்கு ஓடுவாள். "உன்ரை மனுசி வள்ளத்துக்கு நங்கூரம் மாதிரி" என்று மற்றத் தொழிலாளிகள் அவள் புருசன் சிங்கராசாவைப் பகிடி பண்ணுவார்கள்.

அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் பதினொரு வயதுப் பிள்ளையாக வள்ளமேறி இராமேஸ்வரம் போனாள். ஏற்றிவிடும்போது தகப்பன் தன் வீட்டு வழக்கப்படி ஒரு கடற்பன்றிப் பல்லை அவளுடைய இடுப்பில் கட்டிவிட்டார். கடற்பசு என்று படித்தவர்கள் சொல்லும் விலங்குதான். கடல் கடக்கிற ஆளை அதன் பல் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கும் என்பது அந்தக் குடும்பத்தின் நம்பிக்கை. அங்கே அகதி முகாமில் வளர்ந்து, திரும்பவும் வள்ளத்தில் மன்னாருக்கு வந்தபோதும் பல் அவளோடுதான் வந்தது. பிறகு தம்பி பஸ்ரியன் ஒருவருக்கும் சொல்லாமல், பல்லையும் எடுக்காமல், அவுஸ்திரேலியாவுக்கென்று வள்ளமேறினான். இன்றுவரை ஒரு சேதியும் இல்லை.

அப்படிப்பட்டவளின் ஒரே மகள்தான் நோர்வேக்குப் போகிறேன் என்று நின்றாள்.

சுவேதினி சின்ன வயதிலேயே வேறு மாதிரி. ஒருநாள் வலையில் சிக்கிச் செத்த கடற்பன்றியொன்றைக் கரையில் இழுத்துப் போட்டு வெட்டினார்கள். இறைச்சிக்குச் சட்டியோடு நின்ற சனத்துக்குள் புகுந்து பார்த்த பிள்ளை, "அம்மா, அதுக்குப் பால் வருது" என்று சொல்லி இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு கடலடிப் புல்லு, செங்கால் நாரை, நண்டுப் பொந்து என்று அலைந்தவள், பல்கலைக்கழகம் முடித்து, சூழலியல் மேற்படிப்புக்கு உதவித்தொகையும் வாங்கிவிட்டாள்.

"மீனைப் படிக்க நோர்வேயோ? கடல் இஞ்சை படலைக்கு வெளியில கிடக்கு," என்று சிங்கராசா சிரித்தார். மேரி ரோசுக்குச் சிரிப்பு வரவில்லை. புறப்படுவதற்கு முதல்நாள் மத்தியானம், மகள் கோயிலுக்குப் போன நேரம், அவளுடைய கம்பளிக் கோட்டின் ஓரத்தைப் பிரித்து, பல்லை உள்ளே வைத்து, திரும்பத் தைத்தாள்.

அடுத்த நாள் விடிய, விமான நிலையத்துக்கு வாடகை வான் புறப்பட்டது. மதவாச்சி தாண்டும்வரை அவளுக்கு மனம் அமைதியாகத்தான் இருந்தது. பிறகு சும்மா ஒரு கதைக்காகக் கேட்டாள்.

"பிள்ளை, எயார்போட்டில பெட்டியெல்லாம் கிளறுவினமோ?"

"ஓம் அம்மா. மிசினிலை எல்லாம் தெரியும். எங்களோடை படிச்ச முஸ்பிரா ஒரு துண்டு பவளப்பாறை கொண்டுபோய், பிளேனையும் விட்டு, அழுதழுது வீட்டை வந்தவள்."

"ஒரு கல்லுக்கோ?"

"கல்லுக்கே அப்பிடி. யானைத் தந்தம், கடற்பசுப் பல்லெண்டா நேரே பொலிஸ்தான். நான் அதுகளைக் காப்பாத்தப் படிக்கப் போறன் எண்டு சொல்ல, சிரிப்பாங்கள்."

மேரி ரோஸ் மெல்லத் திரும்பிப் பார்த்தாள். பின் சீற்றில் கோட்டு மடித்துக் கிடந்தது. சொன்னால் பிள்ளை பல் இல்லாமல் போவாள். சொல்லாவிட்டால் பிள்ளை போகவே மாட்டாள், போகிற இடம் மறியற்சாலையாக இருக்கும். போகாமல் நின்றால் நல்லதுதானே என்று ஒரு கணம் நினைத்தாள். அந்த நினைப்பே அவளை இன்னும் பயமுறுத்தியது. அனுராதபுரம் போனது, புத்தளம் போனது. செபமாலை விரலில் ஓடியதே தவிர, வாயில் ஒரு மந்திரமும் முழுதாக வரவில்லை.

சிலாபத்தில் தேத்தண்ணிக்கு நிறுத்தினார்கள். சிங்கராசாவும் சாரதியும் இறங்கிப் போனபின், அவள் மகளின் கையைப் பிடித்தாள்.

"பிள்ளை, அந்தக் கோட்டின்ரை ஓரத்தைப் பிரி."

சுவேதினி தாயின் முகத்தைப் பார்த்தாள். நகவெட்டியால் தையலைப் பிரித்தாள். பல் மடியில் விழுந்தது. அவள் அதைத் தொடவில்லை.

"அம்மா, நீங்கள் என்ன செய்திருக்கிறியள் தெரியுமோ?"

"இது இல்லாமல் போனவன் வரேல்லை."

"மாமா போனது ஓட்டை வள்ளத்திலை அம்மா. நான் பிளேனிலை போறன்."

"கடலுக்கு மேலாலதானே போறாய்."

மகள் பல்லை எடுத்துத் தாயின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள். "என்ரை பங்குக்கும் நீங்களே வைச்சிருங்கோ."

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வாசலுக்கு அப்பால் இவர்களை விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். பெட்டி மிசினுக்குள் போய் வந்தது. சீருடைக்காரி ஒருத்தி சுவேதினியைத் தனியே கூப்பிட்டாள். கோட்டை வாங்கி உதறி, பிரிந்த தையலுக்குள் விரலை விட்டு நெடுக ஓட்டினாள். சுவேதினி என்னவோ சொன்னாள். மேரி ரோஸ் கையிலிருந்த பல்லை இறுக்கிப் பொத்தினாள். அந்தப் பெண் கோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். சுவேதினி திரும்பி ஒருமுறை கையைத் தூக்கிக் காட்டிவிட்டுச் சனத்துக்குள் மறைந்தாள்.

"என்னப்பா, ஏன் கோட்டைப் போட்டு அப்பிடிக் கிண்டினவள்?" என்றார் சிங்கராசா.

மேரி ரோஸ் கையை விரித்துக் காட்டினாள். பல்லின் முனை உள்ளங்கையில் சிவப்பாகப் பதிந்திருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, அவளுடைய விரல்களைத் திரும்ப மூடிவிட்டார்.

பிறகு, "சரி, வெளிக்கிடுவம். வீட்டை போகச் சாமமாகும்," என்றார்.

"பிளேன் எழும்பட்டும்."

"அதுக்கு இன்னும் எவ்வளவோ நேரம் கிடக்கு, மேரி."

"கிடக்கட்டும்," என்று அவள் அங்கேயே நிலத்தில் இருந்துவிட்டாள்.