வலப்பக்கமே திரும்பும் கால்கள்

யோசனை எனக்கு ஒரு கடலைப் பொட்டலத்தில் வந்தது. பஸ் நிலையத்துக்கு வெளியே நின்று வறுத்த கடலையைத் தின்று முடித்துக் கூம்பைக் கசக்கப் போன சமயம், காகிதத்தில் ஒரு மரம் தெரிந்தது. மரத்தின் இடுப்பில் வெள்ளைப் பெயின்டால் ஒரு பட்டை. பக்கத்தில், முதுகில் பெரிய மூட்டையோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரித்துக்கொண்டு நின்றாள். ஆசிரமத்துப் பக்கம் வந்து தங்கும் வெளிநாட்டுக்காரர்கள் விட்டுப்போகும் பத்திரிகைகள், பழைய பேப்பர் கடை வழியாகக் கடலை வண்டிக்கு வந்து சேருவது எங்கள் ஊர் வழக்கம். கூம்பைப் பிரித்து, உப்பைத் தட்டிவிட்டு, அங்கேயே நின்று படித்தேன்.

மலைமேல் நூற்றுக்கணக்கான மைலுக்கு ஒரே பாதை. மரத்துக்கு மரம் வெள்ளைப் பட்டை. பட்டையைப் பார்த்து நடக்க வேண்டியது, தூக்கம் வந்தால் படுக்க வேண்டியது, எழுந்து மறுபடி நடக்க வேண்டியது. எந்த ஊர், யார் வீட்டுப் பையன் என்று ஒருவரும் விசாரிக்க மாட்டார்கள். எப்படிப் புறப்படுவது என்பது வரை அந்தப் பக்கத்தில் இருந்தது. எப்படிப் போய்ச் சேருவது என்பது அடுத்த பக்கத்தில். அது வேறு யாரோ வாங்கிய கடலையைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது.

"இதுக்கு அடுத்த பேப்பர் இருக்குதாங்க?" என்று வண்டிக்காரரைக் கேட்டேன்.

"கடலை இருக்குது. எந்தப் பேப்பர்ல வருதோ அதுதான் உன் அதிர்ஷ்டம்."

மேலும் மூன்று பொட்டலம் வாங்கினேன். ஒன்றில் வார பலன், மற்ற இரண்டிலும் யாரோ ஒரு பிள்ளையின் வரலாற்று நோட்டு. வயிறு உப்பியதுதான் மிச்சம்.

அப்போது நான் பி.எஸ்ஸி. முடித்து எட்டு மாதம். இமயமலையில் ஒரு மாத மலையேற்றப் பயிற்சி ஒன்றுக்கு விண்ணப்பப் படிவம் வரவழைத்திருந்தேன். என் வயதுக்காரர்கள் தகப்பனாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. என் தகப்பனார் ஒரு தனியார் பஸ் கம்பெனியின் டைம் கீப்பர். பஸ் நிலையத்தில் ஒரு மரக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது போனது என்று எழுதுகிற வேலை. படிவத்தை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு அதைச் சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னால் செருகினார்.

"ஷார்ட்ஹேண்ட் சேர்ந்தே, பாதியில வுட்டுட்டே. இந்தி சேர்ந்தே, ரெண்டாவது பரீட்சையோட வுட்டுட்டே. மிருதங்கம் பரண் மேல கெடக்குது. உன் சர்வீஸ்ல எல்லா வண்டியும் கிளம்புது, ஒண்ணாவது போய்ச் சேருதா? ஒண்ணே ஒண்ண முடிச்சுக் காட்டு, கையெழுத்துப் போடறேன். இல்லன்னா கீழ்பென்னாத்தூர்ல மாமா உரக்கடை இருக்கவே இருக்குது."

மாமாவின் உரக்கடையை எனக்குத் தெரியும். மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூல். ஸ்டூலில் மாமா. மாமா எழுந்தால் நான். படிவத்துக்குக் கடைசித் தேதி மூன்று மாதத்தில். ஆகவே கடலைக் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நேராக என் சிநேகிதனிடம் போனேன்.

சிநேகிதன் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் உதவி ஆசிரியன். கனத்த உடம்பு, மெல்லிய சந்தேகங்கள். காகிதத்தைப் படித்துவிட்டு, "இந்த மாதிரி நம்மகிட்டயே ஒண்ணு இருக்குதுடா" என்றான். போன வாரம் ஒரு காட்டிலாகா வாச்சருக்கு அவன் மனு அடித்துக் கொடுத்திருக்கிறான். போளூருக்கு அப்பால், ஜவ்வாது மலை அடிவாரத்திலிருந்து மேலே உள்ள ஓய்வு விடுதி வரைக்கும் வழிநெடுகக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்ததாகவும், அதில் கைவெந்து போனதாகவும் மனு. "மூணு காப்பி அடிச்சேன். வழி அப்படியே மனப்பாடம்."

அப்பாவிடம் முடித்துக் காட்டுவது இதைத்தான் என்று அங்கேயே தீர்மானமாயிற்று. தூரம் சுமார் நாற்பது கிலோமீட்டர். எங்கள் ஊரில் தூரத்தை அப்படிச் சொன்னால் யாருக்கும் விளங்காது. அண்ணாமலையை ஒரு தடவை சுற்றினால் பதினாலு கிலோமீட்டர். ஆக, நாற்பது என்பது மூன்று சுத்துக்குக் கொஞ்சம் கம்மி. பயிற்சி எங்கே என்கிற கேள்வியே எழவில்லை. பாதை வாசலிலேயே இருந்தது.

இரண்டு மாதம் சுற்றினோம். காலையில் ஒரு சுத்து, ஞாயிற்றுக்கிழமை இரண்டு. முதுகில் ஆளுக்குப் பத்து செங்கல். எல்லோரையும் போல வெறுங்கால். எல்லோரையும் போல மலை வலப்பக்கம். அடி அண்ணாமலையில் டீ குடிக்கும்போது செங்கல்லைப் பார்த்தவர்கள் விசாரித்தார்கள்.

"இன்னா வேண்டுதலுங்க தம்பி? வீடு கட்டறதுக்கா?"

"ஆமாங்க," என்றான் சிநேகிதன். அதற்குள் அவனுக்கு மூச்சு ஜாஸ்தியாக வாங்கும். விளக்கம் சொல்லத் தெம்பு இருக்காது. அடுத்த பௌர்ணமிக்கு எங்களுக்குப் பின்னால் செங்கல்லோடு ஒரு குடும்பமே வந்தது.

காகிதத்தில் 'தூங்கும் பை' என்று ஒன்று போட்டிருந்தது. மாமா கடையிலிருந்து இரண்டு யூரியா சாக்கு வாங்கி அக்கா தைத்துக் கொடுத்தாள். உள்ளே புகுந்து படுத்தால் கழுத்துக்குக் கீழே 'நைட்ரஜன் 46 சதம்' என்றும், வயிற்றின் மேல் 'கொக்கி போடாதே' என்றும் ஆங்கிலத்தில் இருந்தது.

"எப்படியும் உரக்கடைக்குத்தான் போவப்போற," என்றாள் அக்கா. "மூட்டைக்குள்ள இப்பவே படுத்துப் பழகிக்கோ."

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. மலையில் நாங்கள் நடக்கப்போகும் மூன்று நாளைக்கும் டைம் ஷீட் போட்டுக் கொடுத்தார். அடிவாரம் புறப்பாடு 6.10. முதல் சுண்ணாம்புக் கல் 6.25. டீ, ஐந்து நிமிடம். காட்டில் டீ ஏது என்று கேட்டேன். "டீ இல்லன்னாலும் அஞ்சு நிமிசம் நின்னுதான் ஆவணும். டைம் டைம்தான்" என்றார்.

கிளம்பிய நாளில் போளூர் வழியாக அடிவாரத்து ஊருக்கு 6.05-க்கே போய்ச் சேர்ந்தோம். ஒரு டீக்கடை, வெளியே ஒரு கால் உடைந்து கல் முட்டுக்கொடுத்த பெஞ்சு, கடையில் ஓர் அம்மா. ஐந்து நிமிடத்தில் டீ குடித்து, அப்பாவின் ஷீட்படி 6.10-க்கு எழுந்து நடந்தோம். ஒரு மைல் போனபிறகு முள் குத்தியது. குனிந்து பார்த்தால் காலில் ஷூ இல்லை. இதற்கென்றே வாங்கிய கேன்வாஸ் ஷூவைப் பெஞ்சுக்கு அடியில் கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறோம், இரண்டு பேரும். எதிரே மலை தெரிந்ததும் கைகள் தாமாகவே கழற்றிவிட்டன.

"திரும்பிப் போயி எடுத்துட்டு வந்துடலாம்," என்றேன்.

"சுத்த ஆரம்பிச்சுட்டுப் பாதியில திரும்பக் கூடாதுடா," என்றான் சிநேகிதன். சரிதானே என்று எனக்கும் பட்டது. மேலே நடந்தோம்.

சுண்ணாம்புக் கற்கள் ஒழுங்காக வந்தன. பெரிய மலைக்கு முன்னால் தனியாக ஒரு குன்று நிற்கிறது. பாதை அதை வலப்பக்கம் விட்டுப் பின்புறம் போய் இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கப் பாதை புதர்களுக்குள் செங்குத்தாக ஏறியது. வலப்பக்கப் பாதை குன்றை ஒட்டி அழகாக வளைந்தது. அங்கே ஒரு புளியமரத்தடியில் கல் மேல் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். கை கழுவினோம். எழுந்தோம். எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வலப்பக்கம் திரும்பினோம்.

அதற்குப் பிறகு சுண்ணாம்புக் கல் வரவில்லை.

"சுண்ணாம்பு தீர்ந்து போயிருக்கும்," என்றான் அவன். "மனுவுல கை வெந்துடுச்சுன்னு போட்டிருந்தான் இல்ல?"

நடை அற்புதமாக இருந்தது. மூச்சு வாங்கவில்லை. மலை வலத்தோளுக்கு நேராக, பழகிய இடத்தில், எங்களோடு கூடவே வந்தது. இரண்டு மாதப் பயிற்சியின் பலன் என்று ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டோம். நாலு மணிநேரத்தில் கீழே ஓர் ஊர் தெரிந்தது. மலைமேல் ஊர் வரும் என்று மனுவில் இருந்ததாம். ஏறி வந்தவர்கள் ஏன் இறங்கிக்கொண்டிருக்கிறோம் என்று இருவருக்கும் தோன்றவில்லை. சிநேகிதன் நோட்டை எடுத்து எழுதினான்: 'இரண்டாம் ஊர். முதல் ஊரை நிரம்பவும் ஒத்திருக்கிறது. இங்கும் டீக்கடை. இங்கும் பெஞ்சுக்கு ஒரு கால் இல்லை.'

நான் பெஞ்சுக்கு அடியில் பார்த்தேன். இரண்டு ஜோடி கேன்வாஸ் ஷூ இருந்தது.

"இன்னாங்க, காத்தால போனீங்க, மதியத்துக்கே வந்துட்டீங்க?" என்றது டீக்கடை அம்மா. பிறகு எங்கள் காலைப் பார்த்தது. "எந்த ஊருன்னு சொன்னீங்க?"

"திருவண்ணாமலைங்க."

"அதான பார்த்தேன்! மலையைக் கண்டா சும்மா இருக்க முடியாதே உங்களுக்கு. புளியமரத்தாண்ட வெள்ளைக்கல்லு இருக்குமே, அங்க இடப்பக்கம் ஏறணும். கல்லு கண்ணுல படலியா?"

சிநேகிதன் இடுப்பைத் திருப்பித் தன் கால்சட்டையின் பின்புறத்தைப் பார்த்தான். வட்டமாகச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

"அது மேலதாங்க உக்காந்து சாப்பிட்டேன்," என்றான்.

மூன்று நாளைக்கென்று போனவர்கள் அன்று சாயங்காலமே பஸ்ஸைவிட்டு இறங்கினோம். கூண்டுக்குள்ளிருந்து அப்பா கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் நடந்ததைச் சொன்னேன். சிநேகிதனும் கூடவே நின்றான். அப்பா கேட்டார்:

"எங்க கிளம்புனீங்க?"

"டீக்கடையில, நைனா."

"எங்க வந்து சேந்தீங்க?"

"அதே டீக்கடையில."

"நடுவுல திரும்பி வந்தீங்களா?"

"இல்ல நைனா. முன்னாலயேதான் போனோம்."

"அப்புறம் இன்னாடா? எடுத்த எடத்துல வண்டி வந்து நின்னாத்தான் ட்ரிப் முடிஞ்சுதுன்னு அர்த்தம். நீ முடிச்சுட்டே." கடிகாரத்துக்குப் பின்னாலிருந்து படிவத்தை எடுத்துத் தூசி தட்டினார். பேனாவைத் திறந்தார். அம்மா உள்ளே போய்ச் சர்க்கரை டப்பாவைக் கொண்டுவந்தாள். வாசலில் நின்ற பக்கத்து வீட்டுக்காரர்கூட, "பெரிய காரியம்பா. அந்த மலையை யாரு சுத்தியிருக்காங்க இதுவரைக்கும்?" என்றார்.

எங்கள் ஊரில் அது தோல்வியாகவே எடுபடவில்லை. பேசாமல் இருந்திருந்தால் இமயமலை என்னுடையது. ஆனால் அந்தப் பாதைக்கு மேலே ஒரு முனை இருக்கிறது. ஒரு விடுதி, அதற்கு ஒரு கதவு, என்ன நிறக் கதவு என்றுகூட எனக்குத் தெரியாது. சட்டைப்பையில் பாதி மட்டும் உள்ள கடலைக் காகிதம் குத்தியது.

"முடிக்கல நைனா," என்றேன். சிநேகிதன் என் தொடையைக் கிள்ளினான். "மேல போவணும்னு கிளம்பினோம். போவல."

அப்பா பேனாவை மூடினார். "இத்தினி நாளா முடிக்காததை முடிச்சேன்னு சொல்லுவே. இப்ப முடிச்சதை முடிக்கலன்றே. எதுடா ஜாஸ்தி மோசம்?" என்றார். படிவம் கடிகாரத்துக்குப் பின்னால் போயிற்று. அம்மா சர்க்கரை டப்பாவை மூடிக்கொண்டு உள்ளே போனாள். கடைசித் தேதிக்கு இருபது நாள் இருந்தது.

கோளாறைக் கண்டுபிடித்தவள் அக்கா. எங்களைப் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கூட்டிப்போய், கண்ணைத் துண்டால் கட்டி, நேராக நடக்கச் சொன்னாள். கட்டை அவிழ்த்தபோது நான் அவளுக்கு முதுகுப் பக்கமாக வந்து நின்றுகொண்டிருந்தேன். சிநேகிதன் ஒரு சுத்து முடித்து இரண்டாவதில் இருந்தான்.

"மூளை சரியாத்தான் இருக்குது. கால்தான் வலப்பக்கமே திரும்புது," என்றாள். "மலையை இடப்பக்கம் வச்சு ஒரு வாரம் நடந்தா சரியாயிடும்."

அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். "எதிர்ச்சுத்தா? அண்ணாமலையானையா? இந்த வீட்டுல எல்லாரும் உசுரோட இருக்கறது உங்களுக்குப் பொறுக்கலையா?" பக்கத்து வீட்டுக்காரர், அப்படி யாராவது செய்தால் தானே குறுக்கே படுத்துக்கொள்வதாகச் சொன்னார். வேறு மலை பார்க்கலாம் என்றால் பஸ் ஏறிப் போய்வரவே நாள் போய்விடும்.

மூன்றாம் நாள் சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ரிவர்ஸ்ல போ."

யாருக்கும் புரியவில்லை. ரசம் டம்ளரை மலையாக வைத்து, தீப்பெட்டியைப் பஸ்ஸாக வைத்துக் காட்டினார். "ரூட்டு அதே ரூட்டு. எல்லாரும் போற பக்கம்தான் போறே. மூஞ்சி மட்டும் பின்னால. இப்பப் பாரு, மலை எந்தக் கையில வருது?"

இடக்கையில் வந்தது. அம்மா டம்ளரைச் சுற்றித் தானே ஒரு தடவை தீப்பெட்டியைத் தள்ளிப் பார்த்தாள். "பாவம் இல்லதானே?" என்று கேட்டுவிட்டு, இல்லை என்று தானே சொல்லிக்கொண்டாள்.

ஆகவே, வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை 5.10-க்கு ராஜகோபுரத்துக்கு எதிரிலிருந்து பின்பக்கமாகவே நடந்து புறப்படுகிறோம். முதல் நாள் செங்கல் வேண்டாம் என்று தீர்மானம். சிநேகிதன் சைக்கிள் கடையில் இரண்டு பக்கக் கண்ணாடி வாங்கி வந்து குடைக்கம்பியில் கட்டித் தோளுக்கு மேலே நீட்டிவைக்கப் பார்க்கிறான். இப்போதைக்கு அதில் அவன் காது மட்டும்தான் தெரிகிறது. அக்கா எங்களுக்குப் பின்னால், அதாவது முன்னால், சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போவாள். அப்பா அன்றைக்கு லீவு எழுதிக் கொடுத்திருக்கிறார். கண்டக்டரிடம் விசிலை இரவல் வாங்கி வைத்திருக்கிறார். பதினாலு கிலோமீட்டரும் கூடவே வந்து, "வரலாம், வரலாம்" என்று தானே சொல்வாராம். குழி வந்தால் விசில். அடுத்த வாரம் ஜவ்வாது மலை. அங்கே புளியமரத்தடியில் உட்காராமல் நின்றுகொண்டே சாப்பிடுவது என்று ஏற்பாடு.