பெர்னதெத் போட்ட பக்

‘ஆடுபவர்: ஆண். வயது பதினெட்டு முதல் முப்பத்துநான்கு. மணமாகாதவர். பெண்கள்மீது நாட்டம் உள்ளவர். பொறுமை குறைந்தவர்.’

வயது வந்தவர்களுக்கான கணினி விளையாட்டு ஒன்றோடு வெளிநாட்டு வாடிக்கையாளர் அனுப்பிய ஆவணம் இப்படித்தான் தொடங்கியது. 2006இல் அதை ஆடிப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கியவர் பெங்களூர் ஜீவனஹள்ளி பெர்னதெத். வயது நாற்பத்தொன்று. வர்ணனையில் இரண்டே விஷயங்கள் பொருந்தின. மணமாகாதவர் என்பது அலுவலகத்துக்குத் தெரியும். மற்றது, பதினோரு வருடமாக அவரோடு ஒரே வீட்டில் வாழும் நர்ஸ் அல்போன்சாவுக்குத் தெரியும். தெருவுக்கு இருவரும் அக்கா தங்கை பிள்ளைகள். தெரு அதற்குமேல் கேட்டதில்லை. கேட்காமலே தெரிந்துகொள்ளும் தெரு அது.

1991இல் லாரி ஆபீஸ் டைப்பிஸ்டாகத் தொடங்கியவர். பிறர் வேலையில் பிழை கண்டால் சொல்லாமல் இருக்க முடியாது. இந்தக் குணத்தால் மூன்று வேலைகள் போயின. நான்காவது, இதற்காகவே கிடைத்தது.

விளையாட்டில் ஒரு தீவு. ஆடுபவர் ஆணாகவும் வரலாம், பெண்ணாகவும் வரலாம். பெர்னதெத் பெண்ணாகப் போனார். கலங்கரை விளக்கத்தில் இருக்கும் விதவை, உள்ளே வருகிறாயா என்று கேட்டாள். வருகிறேன், யோசிக்கிறேன், வேண்டாம் என்று மூன்று பதில்கள். எதை அழுத்தினாலும் ஒரு கப்பல் தலைவன் சட்டையில்லாமல் வந்து நின்றான். அவனுக்காகவே காத்திருந்ததுபோல் இரண்டு பெண்களும் எழுந்தார்கள்.

பெர்னதெத் ‘பக்’ போட்டார், அதாவது பிழை என்று பதிவு செய்தார். கடுமை: மிக அதிகம்.

டீம் லீட் ஹரிஷ்குமார் ஈரோட்டுக்காரர், இருபத்தாறு வயது. ஞாயிறு பூசை தவறாத அம்மாளின் மனம் புண்பட்டுவிட்டது என்று முடிவுகட்டி வந்தார்.

“அக்கா, சங்கடமா இருந்தா சொல்லுங்க. குழந்தைங்க கணக்கு கேம் ஒண்ணு வந்திருக்கு, மாத்திடறேன்.”

“பொண்ணுங்ககிட்ட எனக்கு என்னப்பா சங்கடம்? இவன் எதுக்கு வரான்?”

“டிசைனே அப்படிக்கா. எல்லாருக்கும் வருவான்.”

“வேணாம்னு அழுத்துனேன், வந்தான். வரேன்னு அழுத்துனேன், அப்பவும் வந்தான். அப்புறம் பட்டன் எதுக்கு?”

“ஆடறவங்க ஆம்பளைங்க. அவங்க கம்ப்ளைன்ட் பண்ண மாட்டாங்க.”

“நான் ஆடுனேனே.”

ஹரிஷ் கிளம்பினார். “வெள்ளிக்கிழமைக்குள்ள இந்தப் பக்கை க்ளோஸ் பண்ணிடுங்கக்கா. உங்க கான்ட்ராக்ட் வேற இந்த மாசம் முடியுது.”

வாடிக்கையாளர் ‘வடிவமைப்புப்படியே உள்ளது’ என்று திருப்பி அனுப்பினார். பெர்னதெத் பக்கை மீண்டும் திறந்தார். மூன்று முறை இப்படி. நான்காம் முறை ஒரு கேள்வி வந்தது: சரி, என்னதான் நடக்க வேண்டும்?

பதில் எழுதும் கட்டத்தில் ஆவணத்திலிருந்து ஒரு வரியை எடுத்து எழுதுவதுதான் விதி. ஆவணத்தில் அப்படி ஒரு வரி இல்லை. வீட்டுக்குப் போய் அல்போன்சாவிடம் கேட்டார்.

“நீ முதல்ல வந்தன்னிக்கு நான் என்ன சொன்னேன்?” என்றார் அல்போன்சா.

“குடை சொட்டுது, வெளிய வைன்னே. இருக்கறதுன்னா இரு, போறதுன்னா இப்பவே போ, மழை வலுக்கப்போவுதுன்னே.”

“அதையே எழுதேன்டி.”

எழுதினார். விளையாட்டுக்கு வசனம் எழுதுகிறவருக்கு அது பிடித்துப்போனது. வியாழக்கிழமை புதிய வடிவம் வந்தது. கப்பல் தலைவன் கப்பலோடு நின்றுவிட்டான்.

வெள்ளிக்கிழமை மதியம் பெர்னதெத் ‘வேண்டாம்’ அழுத்தி வெளியே வந்தார். ‘வருகிறேன்’ அழுத்தி உள்ளே போனார். பிறகு பக்கை க்ளோஸ் செய்தார்.