கணக்குச் சில்லு இல்லாத கணினிகளுக்கு

நேற்றுக் காலை வந்த வேலை சின்னதுதான். நாம் எழுதும் நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித்தருமே கம்பைலர், அதன் கையேட்டைத் திருத்துவதுதான் இப்போது என் பிழைப்பு. வழக்கொழிந்த கணினிகளைப் பற்றிய குறிப்புகளை நீக்கச் சொல்லியிருந்தார்கள். திருப்பரங்குன்றத்து வீட்டு மாடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தேன். ‘கணக்குச் சில்லு இல்லாத கணினிகளில் தசம வகுத்தல் தவறக்கூடும்’ என்ற வரி வந்ததும், வெந்த ரப்பர் வாடை மூக்கில் ஏறியது.

கப்பலூரில் நான் முன்பு வேலை பார்த்த, ரப்பர் வாஷர் செய்யும் சிறிய ஆலை அது. அந்த வாடை சட்டையில் ஒட்டும், தயிர்சாதத்தில்கூட ஒட்டும். பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே இருக்கும். அதை எனக்குக் கிடைத்த மரியாதை என்று கொஞ்ச நாள் நினைத்திருந்தேன். அலுவலகத்தில் இரண்டு கணினிகள். ஒன்றில் நான் கடிதம் அடிப்பேன். இன்னொன்று சமயநல்லூர் பேச்சியம்மாளுடையது. ரப்பரோடு எதை எவ்வளவு கலப்பது என்று கணக்கிடும் நிரலை அவர்தான் எழுதியிருந்தார்.

ஒரு நாள் கலவை பிசகி, ஒரு லோடு வாஷர் முழுக்க நொறுங்கிப் போனது. முதலாளி எங்கள் அறைக்கே வந்துவிட்டார்.

“நீ எழுதுனதுதானம்மா? மிசினு பொய்யா சொல்லும்?”

“நான் எழுதுனது சரிதான் சார். கையாலயும் போட்டுப் பாத்துட்டேன்.”

அன்று காலையில்தான் அதே நிரலைப் பேச்சியம்மாள் என் கணினியில் ஓட்டிப் பார்த்திருந்தார். அதில் விடை சரியாக வந்தது; அவர் கணினியில்தான் தப்பாக வந்தது. இரண்டு விடைகளையும் பார்த்த ஒரே ஆள் நான். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. தலையைக் குனிந்துகொண்டு ஒரே எழுத்தை வரிசையாகத் தட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே அவரை நிறுத்திவிட்டார்கள். போகும் முன் கம்பைலர் செய்தவர்களுக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டிருந்தார். மாதங்கள் கழித்து ஆலை முகவரிக்குப் புதிய கையேடு வந்தது. அதில் கணக்குச் சில்லு பற்றிய இந்த வரி இருந்தது. தசமக் கணக்குக்கென்றே இருக்கும் அந்தத் தனிச் சில்லு என் கணினியில் உண்டு, பேச்சியம்மாளுடையதில் இல்லை. அவர் பெயர் இல்லை. முதலாளி இரண்டு பக்கம் புரட்டிவிட்டு என்னிடமே கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சமயநல்லூருக்குக் கொண்டுபோனேன். பேச்சியம்மாள் நின்றபடியே இரண்டு தடவை படித்தார்.

“அன்னைக்கு நீங்க பாத்தீங்கள்லண்ணே?”

“பாத்தேன்.”

“ம்” என்றார். காப்பி போட உள்ளே போனார்.

நேற்று அந்த வரியை அழிக்கும் முன் அவரைப் போனில் கூப்பிட்டேன். இப்போது பள்ளிக்கூடமொன்றில் கணினி டீச்சர்.

“அது இன்னுமா இருக்கு? எடுத்துருங்கண்ணே. அந்த மிசினே எங்கயும் இல்லையே.” பிறகு, “நான் சொன்னது சரின்னு போட்டிருந்த ஒரே எடம் அது” என்றார்.

எடுத்துவிட்டேன். ஆலை இருந்த இடத்தில் இப்போது டயர் அடுக்கி வைக்கும் கிட்டங்கி. முதலாளி போய்ச் சேர்ந்து வெகு நாளாகிறது. பேச்சியம்மாள் சொன்னதுதான் சரி என்று இன்று நான் போய்ச் சொல்வதாக இருந்தாலும், அங்கே கேட்டுக்கொள்ள ஆளில்லை.