புரிஞ்சுது மிஸ்

பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கும் டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் பட்டாசு. கோபம் எப்போதும் மூக்கு நுனியில் நிற்கும்.

அன்றைக்குப் பாடத்தில் ஒரு கதை. வருங்காலத்தில் ஓர் ஊர். அங்கே கேள்வி கேட்பது குற்றம். ஒலிபெருக்கி எதைச் சொன்னாலும் ஊரே ஒரே குரலில் "புரிந்தது" என்று சொல்லியாக வேண்டும். அதன் பயங்கரத்தை டீச்சர் தொண்டைத் தண்ணீர் வற்ற விளக்கினார்.

"எல்லாருக்கும் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மிஸ்!" என்று வகுப்பே ராகம் போட்டு இழுத்தது.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி தயங்கித் தயங்கி எழுந்தாள்.

"எனக்குப் புரியல மிஸ். அந்த ஊர்ல அப்படி என்ன பயங்கரம்? நம்ம கிளாஸ் மாதிரிதானே இருக்கு?"

பட்டாசு வெடிக்கப் போகிறது என்று எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

புத்தகத்தை மூடப் போன டீச்சரின் கை அப்படியே நின்றது. இத்தனை வருஷமாக அந்த ராகத்தைக் கேட்டுத்தான் அவர் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவந்தார். சட்டென்று சிரிப்பு பீறிட்டது.

"அடிப்பாவி, உனக்கு மட்டும்தான்டி கதை புரிஞ்சிருக்கு!"

புத்தகத்தை மறுபடி விரித்துவைத்தார்.

"சரி, வேற யாருக்கெல்லாம் புரியல?"

முதலில் ஒரு கை உயர்ந்தது. பிறகு ஜன்னலோரம் ஏழெட்டுக் கைகள்.